எங்களுது என்று சொன்னவர்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களாம். ஓய்வு பெற்றவர்களில் இன்னும் நடமாடிக்கொண்டிருப்பவர்கள் வந்து பேச வேண்டுமாம். காட்டிலும் மலையிலும் எடுக்கிற வளத்தின் பயனை அங்கேயே வாழ்கிற மக்களோடு எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பது எனக்குக் கொடுத்திருந்த தலைப்பு. என் காலத்தில் இதற்கு இவ்வளவு நீளமான பெயர் கிடையாது. பாத்தியதை விசாரணை என்போம், அவ்வளவுதான்.

போனேன். நோட்டீஸ், கெடு, வாக்குமூலம் என்று இருபது நிமிஷம் பேசிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், நீங்க விசாரிச்சதுல மறக்க முடியாத கேஸ் எது?" என்று கேட்டாள். "அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். அது பச்சைப் பொய். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன். வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். இண்டர்மீடியட் முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். மூன்று வருஷம் கடிதங்களைப் பதிவு செய்வதும், மேலே போகிற ஃபைலுக்கு நாடா கட்டுவதுமாகக் கழிந்தது. தினம் காலையில் சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டி கண்டோன்மெண்ட் போவேன், சாயங்காலம் திரும்புவேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நாலாவது வருஷம் என்னை ஞானப்பிரகாசம் சாரிடம் மாற்றினார்கள். துறையூருக்கு அப்பால் பச்சைமலையில் ஒரு பகுதிக் காட்டைச் சர்க்கார் காப்புக்காடாக அறிவிக்க இருந்தது. அப்படி அறிவிக்கும் முன்பு, அந்தக் காட்டில் யாருக்காவது பழைய உரிமை உண்டா என்று விசாரித்து எழுத வேண்டும். விறகு, மேய்ச்சல், தண்ணீர், பாதை, காய்கனி எதுவானாலும் சரி, உரிமை என்று எழுதப்பட்டால் காப்புக்காடான பிறகும் அது நிற்கும். எழுதப்படாவிட்டால் போயிற்று. அதை விசாரிக்கிற அதிகாரிதான் ஞானப்பிரகாசம் சார். நான் அவருடைய எழுத்தர்.

அந்தக் காட்டில் முக்கியமான வளம் கடுக்காய். தோல் பதனிடுகிறவர்களுக்கு அது மூட்டை மூட்டையாக வேண்டும். காப்புக்காடானதும் கடுக்காயை ஏலத்தில் குத்தகைக்கு விடுவது என்று முடிவாகியிருந்தது. மலையில் இருக்கிற எந்த ஊருக்காவது கடுக்காய் உரிமை உண்டு என்று விசாரணையில் எழுதப்பட்டால், அந்த ஊர்க்காரர்கள்தான் முதலில் பறிப்பார்கள், குத்தகைக்காரர் அவர்களிடமிருந்துதான் வாங்கியாக வேண்டும். எழுதப்படாத ஊர்க்காரன் கடுக்காயைத் தொட்டால் அது திருட்டு. ஒரு வரியில் ஒரு ஊரின் பிழைப்பு இருந்தது. இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

ஞானப்பிரகாசம் சார் மேலப்புதூரில் இருந்தார். ஒல்லியான மனிதர், வலது முழங்காலில் வாதம். முகாமுக்குப் போனால் மடக்கு நாற்காலியில் உட்காருவார், எதிரே இருப்பவருக்கும் ஒரு பெஞ்சோ கல்லோ போட்ட பிறகுதான் கேள்வியை ஆரம்பிப்பார். நின்றுகொண்டு பதில் சொல்கிறவன் சீக்கிரம் முடித்துக்கொள்ளத்தான் பார்ப்பான் என்பது அவர் கட்சி. ஊர் அதிகாரிகளான கர்ணத்தையும் மணியக்காரரையும் காது கேட்காத தூரத்துக்கு அனுப்பிவிடுவார். விசாரணை நடக்கிற ஊரில் உத்தரவு போடும்வரை ஒரு வாய் மோர்கூடக் குடிக்கமாட்டார். வாக்குமூலத்தை எழுதி முடித்ததும் "படிங்க" என்பார். படித்துக் காட்டினால், "இப்ப மெதுவாப் படிங்க" என்பார். அதற்குப் பிறகுதான் கைநாட்டு. அவர் என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் "மிஸ்டர் வரதன்" என்று கூப்பிட்டால் நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

வேலை இப்படித்தான் நடக்கும். முதலில் ஊர் ஊராகத் தண்டோரா. பிறகு எழுத்தராகிய நான் தனியாகப் போய் ஒவ்வொரு ஊரிலும் முதல் வாக்குமூலம் வாங்க வேண்டும். அச்சடித்த தாளில் ஒன்பது கேள்விகள் இருக்கும். முதல் மூன்று, பெயர், ஊர், எத்தனை குடும்பம். நாலாவது, இந்தக் காட்டில் உங்களுக்கு உரிமை உண்டு என்று கோருகிறீர்களா? உண்டு என்றால் ஐந்திலிருந்து ஒன்பது வரை கேட்க வேண்டும். எதில் உரிமை, எத்தனை தலைமுறையாக, எந்த மாதத்தில், யார் சாட்சி என்று போகும். இல்லை என்றால் மீதியைக் கேட்க வேண்டியதில்லை. உரிமை கோருகிற ஊருக்கு மட்டும் சார் நேரில் போய் விசாரிப்பார்.

தேன்பாறை என்கிற ஊருக்கு நான் போனது மாசி மாதத்தில். துறையூரில் பஸ் மாறி, அடிவாரத்தில் இறங்கி, அரைநாள் ஏற வேண்டியிருந்தது. முப்பது கூரை வீடு இருக்கும். ஊர்க் கவுண்டர் பெயர் சடையன். ஐம்பது வயதுக்குள்தான், நெடுநெடுவென்று இருந்தார். அவர் மருமகள் பொன்னி எனக்குச் சாமைக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். நான் ஆசாரக்கார வீட்டுப் பிள்ளை. வேண்டாம் என்று தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தேன். ஊருக்கு மேலே ஒரு சுனை, அதன் தண்ணீர். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தது ஞாபகம் இருக்கிறது.

சடையனை உட்காரவைத்துக் கேள்விகளைப் படித்தேன். மூன்றும் முடிந்தது. நாலாவதைக் கேட்டேன்.

"கவுண்டரே, சத்தியமாச் சொல்லணும். இந்தக் காட்டுல உங்களுக்கு உரிமை இருக்குன்னு சொல்றீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எங்களுக்கு ஏதுங்கய்யா? மலை சாமியுதுங்க."

"கடுக்காய்?"

"அதுவும் சாமியுதுதானுங்க."

"அப்ப உங்களுக்கு உரிமை ஒண்ணும் இல்ல."

"அப்படிச் சொல்ல நாங்க யாருங்க? எங்களுதுன்னு சொன்னா ஆவாதுங்க."

மறுபடியும் ஒருமுறை கேட்டேன். அதே பதில். மற்ற ஊர்களில் பெரும்பாலும் பட்பட்டென்று உண்டு என்று சொல்லி, சாட்சிக்கு இரண்டு பேரையும் நிறுத்திவிட்டார்கள். இவர் மட்டும் இப்படிச் சொல்கிறாரே என்று கொஞ்சம் ஆச்சரியம்தான். ஆனால் வெயில் சாய்வதற்குள் இறங்கியாக வேண்டும். நாலாவது கேள்விக்கு எதிரே "உரிமை ஏதும் கோரவில்லை" என்று எழுதினேன். படித்துக் காட்டினேன். தலையாட்டினார். கைநாட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஐந்திலிருந்து ஒன்பது வரை ஒரு கோடு.

இரண்டு மாதம் கழித்து விசாரணை எல்லாம் முடிந்து, இறுதிப் பட்டியல் டைப் ஆகிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர் மழையில் சரிந்திருந்தது. அதைத் திரும்பக் கட்ட வந்த கொத்தனார் அப்பாவிடம் ஏதோ கேட்டார்.

"சாமி, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமா? இடம் உங்களுதுதானே?"

"இடம் என்னோடதுன்னு யாருப்பா சொன்னா? மனை பெருமாளோடது. நாங்க நாலு தலைமுறையா அவர் திருவடியில ஒண்டிண்டிருக்கோம்" என்றார் அப்பா.

"அப்ப பெருமாள் எழுந்துக்கச் சொன்னா?"

"நீ சுவத்தை வை. எங்களை எவன் எழுப்புவான்?"

கொத்தனார் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுத் தாளைப் பார்த்தேன். "தேன்பாறை: உரிமை ஏதும் கோரவில்லை." அந்த இடத்திலேயே எனக்குக் கை நின்றுவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. எங்கள் வீதியில் பாதிப் பேருடைய வீட்டு மனை பெருமாளுடையது. எங்களுடையது இல்லை என்று வாய்நிறையச் சொல்லிக்கொண்டே நாங்கள் பிறந்தோம், கல்யாணம் பண்ணினோம், சுவர் எழுப்பினோம். அப்படிச் சொன்னதற்காக எந்தக் குமாஸ்தாவும் எங்கள் பெயருக்கு எதிரே கோடு போடவில்லை. அதையே மலையில் ஒருவர் சொன்னபோது நான் கோடு போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸ் எப்போது திறக்கும் என்று இருந்தது.

திங்கட்கிழமை காலையில் சாரிடம் போய்ச் சொன்னேன். அப்பா சொன்னதையும் சொன்னேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார்.

"உங்க பெருமாளுக்குக் கல்வெட்டு இருக்கு, பத்திரம் இருக்கு, கோர்ட்டுத் தீர்ப்பு இருக்கு. தேன்பாறைச் சாமிக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப சாமி பேர்ல எழுத முடியாது. காடு சர்க்காருதுன்னுதான் சட்டம் ஆரம்பிக்குது. அதுல எங்களுக்கு உரிமை இருக்குன்னு ஒரு மனுஷன் வாயால சொல்லணும். சொன்னா விசாரிக்கலாம். சொல்லாததை நான் எழுத முடியாது. நியாயம்னு எனக்குத் தோணினாலும் முடியாது."

"கெடு முடிஞ்சு போச்சே சார்."

"தக்க காரணம் இருந்தா, அறிவிப்பு வர்றதுக்கு முன்னால திரும்பத் திறக்கலாம். காரணம் என்னன்னு எழுதிக் கொடுங்க."

என் மேஜைக்குப் போய் எழுதினேன். "முதல் வாக்குமூலத்தின்போது பழக்கவழக்கம் குறித்த கேள்விகள் கேட்கப்படவில்லை." கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, "மிஸ்டர் வரதன், கேட்கப்படவில்லைன்னா யார் கேட்கல?" என்றார். திரும்பப் போய், "நான் கேட்கவில்லை" என்று மாற்றி எழுதிக் கொண்டுவந்தேன். அந்தத் தாள் என் சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு முன்னால் சூப்பரிண்டெண்ட் ஆனதற்கு அதுதான் காரணம். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. என் வருத்தம் வேறு.

பதினைந்து நாள் அவகாசம் கிடைத்தது. மறுநாளே மலை ஏறினேன். இந்தத் தடவை ஐந்திலிருந்து ஒன்பது வரை உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். சடையன் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பதில் சொன்னார். தை பிறந்ததும் ஊரே ஒரு பெரிய கடுக்காய் மரத்தடியில் கூடும். அங்கே ஒரு நட்ட கல். அதன் தலையில் பூ வைத்து, "எடுத்துக்கட்டுமா?" என்று கவுண்டர் கேட்பார். பூ விழுந்தால் மறுநாளிலிருந்து பறிக்கலாம். விழாவிட்டால் அன்றைக்குத் திரும்பிவிட்டு இன்னொரு நாள் வந்து கேட்பார்கள். அவர் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து இதுதான் முறை.

"ரெண்டு பேருக்கு ஒரே மரத்து மேல சண்டை வந்தா?" என்று கேட்டேன்.

"அதுக்கும் முறை இருக்குங்க. எவன் எங்களுதுன்னு வாயத் தொறக்கிறானோ அவனுக்கு அந்த மரம் இல்லீங்க. அவன் இருக்கிற மட்டும் அதுல கை வைக்கக் கூடாது. எங்க சித்தப்பன் ஒரு மரத்த அப்படிச் சொல்லிட்டு, சாவற வரைக்கும் அதோட நெழல்லகூட ஒக்காரலீங்க."

அப்போதுதான் அவர் முதல் தடவை ஏன் அப்படிப் பதில் சொன்னார் என்பது முழுதாக விளங்கியது. விளங்கியது என்று நினைத்துக்கொண்டேன். நான் அவருக்குச் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். நீங்கள் சொல்லாவிட்டால் அடுத்த தையில் வெளியாள் வந்து பறிப்பான், தடுத்தால் உங்கள் மேல் கேஸ் வரும், சுனைக்குப் போகிற பாதைகூட உங்களுக்கு இருக்காது என்றேன். வீட்டுக்குள்ளிருந்து பொன்னி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாமியுதுன்னு எழுதிக்க மாட்டாங்களாய்யா?" என்று கேட்டார்.

"கேட்டுப் பார்த்துட்டேன் கவுண்டரே. முடியாதாம். மனுஷன்தான் சொல்லணும்."

"எத்தன பேரு சொல்லணும்?"

"ஊருக்காக ஒருத்தர் சொன்னாப் போதும்."

"கைநாட்டு?"

"அதுவும் ஒருத்தருதுதான்."

"வேற யாரும் வாயத் தொறக்க வேணாமே? பக்கத்துலகூட நிக்க வேணாமே?"

"வேணாம், வேணாம். நீங்க ஒருத்தர் ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும்."

இதை நான் உற்சாகமாகச் சொன்னேன். காரியம் சுலபமாக முடியப்போகிறது என்ற உற்சாகம். சற்று முன்புதான் அவர் தம் சித்தப்பா கதையைச் சொல்லியிருந்தார். அதை நானே என் கையால் தாளில் எழுதியும் இருந்தேன். இருந்தும் அவர் எதற்காக எண்ணிக்கை கேட்கிறார் என்று எனக்குப் புத்தியில் உறைக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கூட்டியாங்க உங்க ஐயாவ" என்றார்.

ஞானப்பிரகாசம் சார் வாதக்காலோடு ஒரு பகல் முழுக்க ஏறி வந்தார். டோலி கட்டுகிறோம் என்றார்கள், மறுத்துவிட்டார். மறுநாள் காலையில் மடக்கு நாற்காலியைப் போட்டு, எதிரே சடையனுக்கு ஒரு கல்லைப் போட்டு, விசாரணை ஆரம்பமானது. ஊர்க்காரர்கள் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், பேச்சு காதில் விழாத தூரத்தில் மொத்தமாக நின்றார்கள். அதிகாரிக்குப் பயந்துகொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

சார் சத்தியம் செய்வித்தார். பெயர், ஊர், குடும்பம் எல்லாம் ஆயிற்று. பிறகு கேட்டார்.

"இந்தக் காட்டுல கடுக்காய்க்கும், தண்ணிக்கும், பாதைக்கும் உரிமை இருக்குன்னு கோருறீங்களா?"

சடையன் எழுந்து நின்றார். சார் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"இது எங்களுதுங்க" என்றார்.

"எது?"

"இந்த மலை. அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடி மட்டும். கடுக்கா, தேனு, சொனை அத்தனையும் எங்களுது. நான் சொல்றேன். சடையன் சொல்றேன்."

கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். மளமளவென்று எழுதினேன். சார் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "படிங்க" என்றார். படித்தேன். "மெதுவாப் படிங்க." மெதுவாகப் படித்தேன். சடையன் கைநாட்டு வைத்தார். வைத்துவிட்டு நேரே ஓடைக்குப் போய், ஒரு கை தண்ணீர் எடுத்து வாயைக் கொப்பளித்துத் துப்பினார். ஒரு வாய்கூட விழுங்கவில்லை. வெற்றிலைச் சாற்றைக் கழுவுகிறார் என்று நினைத்தேன்.

உத்தரவு அந்த மாதமே போடப்பட்டது. தேன்பாறை மக்களுக்குக் கடுக்காயில் முதல் உரிமை, சுனைத் தண்ணீர், பாதை மூன்றும் ஒப்புக்கொள்ளப்பட்டன. முழு மலையும் கிடைக்காது, அது எங்களுக்கும் தெரிந்ததுதான். உத்தரவில் கையெழுத்துப் போட்ட அன்று சார், "இன்னிக்கு உங்க வீட்டுல போய் நிம்மதியாச் சாப்பிடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அதுதான். அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நான் இந்தக் கதையை ஆபீஸில் எத்தனையோ பேரிடம் மார்தட்டிச் சொல்லியிருக்கிறேன். ஒரு கோட்டை அழித்து ஒரு ஊருக்குப் பிழைப்பு வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு மலைப் பக்கம் வேலை வரவில்லை. என்னை வேறு பிரிவுக்குப் போட்டுவிட்டார்கள். பத்து வருஷம் ஓடிவிட்டது. அரிசிக்குக் கியூ நின்ற காலம் அது. ஒருநாள் காந்தி மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, லாரியிலிருந்து கடுக்காய் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற மலைக்காரப் பெண் என்னைப் பார்த்து, "ரைட்டரய்யாங்களா?" என்றாள். பொன்னி. தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஊரில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், குத்தகைக்காரர் எங்களிடம்தான் வாங்குகிறார், ஏமாற்ற நினைத்தால் காயிதத்தைக் காட்டுகிறோம் என்று சொன்னாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"கவுண்டர் எப்படி இருக்கார்?" என்றேன்.

"மாமா கீழ வந்து ரொம்ப நாளாச்சுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"ஏன்? உடம்புக்கு ஏதாவது?"

"ஒடம்புக்கு என்னங்க. மலைய எங்களுதுன்னு சொல்லிட்டாரில்லீங்க" என்றாள். நான் தெரிந்தேதான் கேட்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குக் காய்கறிப் பை கனத்தது. ஒரு மரத்தைச் சொன்னவனுக்கு ஒரு மரம் இல்லை. மலையைச் சொன்னவருக்கு மலையே இல்லை. அதற்காகத்தான் எத்தனை பேர் என்று கேட்டார். அதற்காகத்தான் ஊரை ஓடைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். அந்த வார்த்தையைக் காதால் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"எங்க இருக்கார்?"

அவள் கையைக் காட்டினாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மரக்கடை. அங்கே காவல் வேலை. தை மாதம் லாரியோடு வரும்போதெல்லாம் பொன்னி அவரைப் பார்த்துவிட்டுப் போவாளாம். மலையில் விளைந்த சாமையையோ தேனையோ கொண்டுவந்தால் தொடமாட்டாராம். அதனால் இங்கேயே கடையில் ஏதாவது வாங்கிக் கொடுப்பாளாம்.

போனேன். அறுத்த மரங்களுக்கு நடுவே ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். அந்த நெடுநெடு உடம்பு இளைத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, நான் உட்காருவதற்குப் பலகையைத் துண்டால் தட்டிவிட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனக்குத் தெரியாமப் போச்சே கவுண்டரே" என்றேன். குரல் உடைந்துவிட்டது. தெரியாமல் போகவில்லை. அவர் சொன்னார், நான் எழுதினேன். எழுதினதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

"அழுவாதீங்கய்யா. நீங்க சொல்லலன்னா எங்களுக்கு என்ன தெரியும்? ஊரு நல்லாருக்குதுங்க. பொன்னி சொல்லிச்சு, போன வருஷம் காய்ப்பு நல்ல காய்ப்பாம்."

தெருவில் கைவண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்தக் காயிதத்துல இன்னும் என் பேருதான் இருக்குதுங்களா?"

"ஆமா."

"அத எடுத்துட முடியுங்களா? சடையன் சொல்லலைன்னு மாத்திட முடியுமா? மாத்திட்டா மேல போயி, கல்லுக்கு முன்னால இல்லேன்னு சொல்லிடுவேன். பூவு விழுந்தா ஊரும் ஒத்துக்கும். சொனைத் தண்ணி ஒரு வாய் குடிச்சுட்டு அங்கேயே கெடப்பேன்."

நான் அந்த வேலையில் இருந்தவன். பதில் எனக்குத் தெரியும். தேன்பாறையின் உரிமைக்கு அந்த ஒரு வாக்குமூலத்தைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. அதைச் சொன்னவரே திரும்பப் பெற்றால் உத்தரவு நிற்காது. உடனே போகாவிட்டாலும், எந்தக் குத்தகைக்காரனாவது ஒரு வக்கீலைப் பிடித்தால் போய்விடும். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஏற்கெனவே ஒருமுறை இந்த மனிதரிடம் எல்லாம் சுலபம் என்று சொல்லியிருக்கிறேன்.

"எடுத்தா ஊருக்கு உரிமை போயிடும் கவுண்டரே" என்றேன்.

அவர் கீழே கிடந்த ஒரு மரச்சிராயை எடுத்து இரண்டாக ஒடித்தார். பிறகு அந்தத் துண்டுகளை ஓரமாக வைத்தார்.

"அப்ப இருக்கட்டுங்க" என்றார்.